ஒன்பதாவது வளைவில் அடிக்காத மணி

வால்பாறைக்கு எத்தனை தடவை போய்வந்திருப்பேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் அதுதான் வேலை. ஆனால் மலையை முன்னால் பார்த்தபடி ஏறியது இரண்டே தடவைதான். வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனேன். வேலையை விட்ட பிறகு மகன் காரில் கூட்டிப்போனான். மற்ற நேரமெல்லாம் டிரைவர் முதுகுக்கு என் முதுகைக் கொடுத்து, பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துதான் போயிருக்கிறேன். தேயிலைத் தோட்டமும் அணைக்கட்டும் எனக்குப் பின்னாலிருந்து வந்து, பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று, போய்விடும். நான் பார்த்ததெல்லாம் குழந்தைகளின் முகம்.

போத்தனூரில் இஸ்மாயில் பாய் ஒரு ஜீப் கம்பெனி நடத்தினார். மேல்கூரை இல்லாத ஜீப்பில் குடும்பங்களை மலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது தொழில். பத்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் டிரைவரோடு இன்னோர் ஆளையும் அனுப்புவார். அந்த ஆள் நான். என் வேலைக்குத் தனிப் பெயர் எதுவும் இல்லை, "பின்சீட்டம்மா" என்பார்கள்.

"அதுக்கு எதுக்குங்க தனியா ஒரு ஆளு? எங்க கொழந்தைய நாங்க பாத்துக்க மாட்டமா?" என்று கேட்காத குடும்பமே கிடையாது. பாயும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"நீங்க மலையப் பாக்கத்தானுங்களே வந்திருக்கீங்க? நல்லாப் பாருங்க. கொழந்தைய இந்தம்மா பாக்கட்டும்."

பாய் இப்போது இல்லை. மகள் சபீனா நடத்துகிறாள். போன மாதம் அவள் போன் செய்தாள். புது மாதிரி ஜீப்புகள் வாங்கியிருக்கிறாளாம். கூரையைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம், டிரைவர் கிடையாது, குடும்பமே சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டிப் போகும். "மரகதக்கா, கொழந்தைங்களோட போறவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பிரிண்ட் போட்டு சாவியோட சேத்துக் குடுத்தர்றேன்" என்றாள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். தொப்பி, தண்ணீர், பெல்ட், காதுக்குப் பஞ்சு எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. அடங்காதது ஒன்று உண்டு. அதை எழுதாமல் அந்தப் பக்கத்தைக் கொடுத்தது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதனால் இது.

வேலை கேட்டுப் போன அன்றைக்கு பாய் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"மலை புடிக்குமா அம்மணி?"

"ரொம்பப் புடிக்குமுங்க" என்றேன். வேலை கேட்டுப் போன இடத்தில் வேறென்ன சொல்வது?

"அப்ப சரிப்பட்டு வராதே. மலையப் பாக்காத ஆளுதான் எனக்கு வேணும்."

"அப்படீன்னா புடிக்காதுங்க."

சிரித்துவிட்டார். மறுநாளே ஆறுச்சாமி அண்ணன் வண்டியில் ஏற்றிவிட்டார். ஆறுச்சாமி அண்ணன் காலையில் "ஏறு", சாயங்காலம் "எறங்கு" என்று இரண்டு வார்த்தையில் ஒரு நாளை முடித்துவிடுகிற டிரைவர். அதற்கு முன்னால் நான் நாலு வருஷம் பால்வாடியில் ஆயாவாக இருந்ததால் குழந்தைகள் புதிதில்லை, வளைவுகள்தான் புதிது. முதல் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வாந்தி வரப்போகிற குழந்தை முதலில் கொட்டாவி விடும், அப்புறம் மேலுதட்டைச் சுற்றி வெளுக்கும், அதற்கப்புறம் கையில் பை இருந்தால் நம் சேலை பிழைக்கும். பேசிக்கொண்டே வருகிற குழந்தை பேச்சை நிறுத்தினால் ஏன் என்று பார்க்க வேண்டும். என் சேலை பிழைக்காத நாட்களும் நிறைய உண்டு.

வண்டி கிளம்புவதற்கு முன்னால் பாய் செய்கிறதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளை வேட்டியோடு பின்சீட்டில் ஏறி, குழந்தை உட்காரப்போகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வார். பக்கக் கம்பி ஒவ்வொன்றையும் பிடித்துக் குலுக்குவார். இடுப்புப் பெல்ட்டைத் தன் இடுப்பில் ஒரு தடவை மாட்டிக் கழற்றுவார். அப்புறம் இறங்கி, அப்பா அம்மாவை விட்டுவிட்டு நேராகக் குழந்தையிடம் போவார். நாலு வயதுப் பையனுக்கும் மரியாதை குறையாது. "பேரென்னங்க? காத்தால என்ன சாப்பிட்டீங்க? கார்ல போனா வாந்தி வருமுங்களா?" என்று கேட்பார். பெரியவர்கள் பொய் சொல்வார்கள், குழந்தை சொல்லாது என்பது அவர் எண்ணம். "பூரி நாலு" என்று குழந்தை உண்மையை உடைத்ததும் அம்மாக்காரி முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

தொப்பி, தாடைக்குக் கீழே நாடா கட்டியதாக இருக்க வேண்டும். காதில் பஞ்சு. அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மடக்குத் தண்ணீர். கக்கினாலும் பரவாயில்லை, குடிக்காமல் இருக்கக்கூடாது. திறந்த வண்டியில் காற்று ஏமாற்றும் என்று பாய் சொல்வார். வெயில் மண்டையைச் சுட்டுக்கொண்டிருக்கும், காற்று வேர்வையைக் காயவைத்துவிடும், ஜில்லென்று இருக்கிறது என்று பெரியவர்களும் ரசித்துக்கொண்டு வருவார்கள். குழந்தை உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம் மணி. என் வலது கைக்குப் பக்கத்தில், டிரைவர் காதுக்கு நேராக, கம்பியில் ஒரு சைக்கிள் மணியை முறுக்கி வைத்திருந்தார். ஒன்று அடித்தால் மெதுவாகப் போ. இரண்டு அடித்தால் நிறுத்து. மூன்று அடித்தால் இடம் பார்த்து வண்டியைத் திருப்பு, கீழே போ. டிரைவர் ஏனென்று கேட்கக்கூடாது. நான் ஏனென்று சொல்ல வேண்டியதில்லை. நான் கத்தினால் கேட்காதா, இதற்கு எதற்கு மணி என்று முதலில் எனக்கே தோன்றியது. அந்த மணி எதற்கு என்பது எனக்கு விளங்கப் பதினோரு வருஷம் பிடித்தது.

பாய் யாரிடமும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கோயமுத்தூர் மில்காரர் ஒருவர், ஐந்து வயது மகனை முன்னால் நிற்க வைத்துக் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வரச்சொன்னார். அவருடைய அப்பா அவரை அப்படித்தான் கூட்டிப்போனாராம். பாய் ஒன்றும் மறுக்கவில்லை. வண்டிச் சாவியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நிக்கட்டுங்க. எத்தன போட்டோ வேணுமோ எடுத்துக்குங்க. எடுத்து முடிச்சு உக்கார வெச்சதும் சொல்லுங்க, சாவியத் தாரேன்."

பத்து நிமிஷம் போட்டோ எடுத்தார்கள். வண்டி நகரவில்லை. கடைசியில் பையனே சலித்துப்போய்ப் பின்னால் வந்து என் முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டான். மில்காரர் ஒரு வருஷம் கழித்து மறுபடியும் எங்கள் வண்டியில்தான் வந்தார்.

பாய்க்கு அந்தக் கலை வரும். எனக்கு வராது. எங்கள் வீட்டில் விருந்தாளி முகம் கோணுகிற மாதிரி ஒரு சொல் சொன்னால் என் அம்மா நாலு நாள் என்னோடு பேச மாட்டாள். வாடிக்கைக்காரர் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்றுதான் என் வாயில் வரும். அது நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பங்குனி மாதத்து நல்ல வெயில். வெள்ளகோவில் பக்கம் எண்ணெய் மில் வைத்திருக்கிற ஒரு கவுண்டர் குடும்பம். அவர்களுடைய குலதெய்வக் கோயில் பொள்ளாச்சிக்குக் கிழக்கே இருந்தது. காலையில் அங்கே சின்னவளுக்கு மொட்டையடித்துக் காது குத்தியிருந்தார்கள். விருந்து முடிந்து சொந்தபந்தமெல்லாம் வேனில் ஊர் திரும்ப, அப்பா, அம்மா, ஒன்பது வயது நித்யா, மூன்று வயது மித்ரா நாலு பேர் மட்டும் இரண்டு நாள் வால்பாறைக்குப் போவதாக ஏற்பாடு. நாங்கள் வண்டியைக் கோயில் வாசலுக்கே கொண்டுபோனோம். பாய் போத்தனூரில் இருந்தார். அவர் வந்து உட்கார்ந்து பார்க்காமல் கிளம்பிய வண்டி அது.

மித்ரா தாய்மாமன் மடியில் அழுத அழுகை அப்போதும் ஓயவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் அப்பியிருந்தது. இரண்டு காதிலும் புதுக் கம்மல். நான் தொப்பியை எடுத்தேன்.

"சந்தனம் அழிஞ்சு போயிருமுங்க, தொப்பி வேண்டாம்" என்றாள் அம்மாக்காரி. "நாடாவும் காதுல படும். பாவம், இப்பத்தான் குத்திருக்குது."

நியாயமாகத்தான் பட்டது. "சரிங்க" என்றேன்.

ஆழியாறு வருகிற வரைக்கும் உச்சி வெயில். நித்யா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். மித்ரா அம்மா மடியில் தேம்பிக்கொண்டே வந்தாள். அரை மணி ஆனதும் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தேன்.

"வளைவெல்லாம் வருதுங்கல்ல? இப்பத் தண்ணி குடுத்தா கக்கிப்போடுவா. மேல போயிக் குடுத்துக்கலாமுங்க."

கக்கினாலும் பரவாயில்லை என்று பாய் சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மாக்காரி கட்டியிருந்தது புதுப் பட்டுச் சேலை. அதையும் பார்த்தேன். "சரிங்க" என்று பாட்டிலை மூடினேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது சரிங்க.

மலை ஏற ஆரம்பித்ததும் நித்யா வளைவுகளை எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நம்பர் போட்ட பலகை இருக்கும். பலகை வருவதற்கு முன்னாலேயே "நாலு!", "அஞ்சு!" என்று கத்துவாள். ஆறாவது வளைவில் மித்ராவின் தேம்பல் நின்றது. கண் செருகித் தூங்கிப்போனாள். அம்மாக்காரி அப்பாடா என்று சாய்ந்துகொண்டாள்.

ஒன்பதாவது வளைவில் எல்லா வண்டியும் நிற்கும். அங்கேயிருந்து பார்த்தால் ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். அப்பாவும் நித்யாவும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். ஆறுச்சாமி அண்ணன் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்து மித்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஈ வந்து அவள் காதில், குத்திய இடத்தில், உட்கார்ந்தது. காலையில் அந்தக் காதுப் பக்கம் அம்மா கை போனாலே வீறிட்ட குழந்தை. ஈ நடந்தது. அவள் தலையை ஆட்டவில்லை. நான் ஈயை விரட்டிவிட்டு அவள் உள்ளங்காலில் விரலால் கோடு இழுத்தேன். தூங்குகிற குழந்தை காலை இழுத்துக்கொள்ளும். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, பாப்பாவ ஒருக்கா எழுப்பிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

அதற்குள் அப்பா திரும்பி வந்துவிட்டார். "வேண்டாங்க வேண்டாங்க. காத்தால இருந்து அழுதுபோட்டு இப்பத்தான் தூங்கறா. எழுப்புனா மறுக்கா ஆரம்பிச்சுருவா. தூங்கட்டும் உடுங்க."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடுமையாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஒருவேளை எதிர்த்துக் கேட்டிருப்பேன்.

"சரிங்க" என்றேன்.

வண்டி கிளம்பியது. "பத்து!" என்றாள் நித்யா. என் கை மணிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தூக்கம்தான், அழுத களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொன்று, பன்னிரண்டு. ஒன்றுமில்லாததற்கு மணியடித்து இந்த மனுஷர் முகம் சுளித்தால் என்ன செய்வது? பதிமூன்று. நல்ல நாளும் அதுவுமாக, குழந்தைக்கு என்னமோ என்று வாயால் சொல்லலாமா? பதினாலு, பதினைந்து. அடுத்த நிறுத்தம் இருபதில்தான், அங்கே பார்த்துக்கொள்ளலாம். பதினாறு.

பதினேழில் வண்டி திரும்பியபோது மித்ராவின் கை அம்மா மடியிலிருந்து நழுவித் தொங்கியது. தொங்கியபடியே ஆடியது. நான் எழுந்து சந்தனத்துக்கு அடியில் கையை வைத்தேன். கொதித்தது. கழுத்தடியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு காய்ந்து கிடந்தது. இரண்டு அடித்தேன். வண்டி நின்ற மறுநொடி மூன்று அடித்தேன். நான் மூன்று அடித்தது அதுதான் முதல் தடவை.

ஆறுச்சாமி அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை. வளைவின் அகலத்திலேயே வண்டியை முன்னும் பின்னும் போட்டுத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். மேலேயிருந்து வந்த பஸ் டிரைவர் திட்டினார்.

"ஏனுங்க, எதுக்குங்க திருப்பறீங்க?" என்று அப்பா பதறினார்.

"மணி மூணு அடிச்சுதுங்க" என்றார் ஆறுச்சாமி அண்ணன்.

குழந்தை சுயநினைவில் இல்லை என்று நான் சொன்னதும் அம்மாக்காரி பாட்டிலைப் பிடுங்கி வாயில் ஊற்றப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். அரை மயக்கத்தில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். துண்டை நனைத்து உதட்டை மட்டும் துடைத்தேன். அழிந்துபோகும் என்று காலையில் தொப்பி வேண்டாமென்ற அதே அம்மா, தன் பட்டு முந்தானையை நனைத்து அந்தச் சந்தனத்தை வழித்துப் போட்டாள். வெயிலை மறைக்க வண்டியில் கூரை கிடையாது. அப்பா முன்சீட்டில் திரும்பி முட்டி போட்டு, தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை விரித்து இரண்டு கையாலும் குழந்தைக்கு மேலே பிடித்துக்கொண்டார். பதினேழு வளைவும் இறங்கிச் சமவெளி வந்து ஆஸ்பத்திரி சேருகிறவரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை. நித்யா வளைவுகளை எண்ணவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பொள்ளாச்சி போகிற வழியில் ஓர் ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா. காதில் புதுக் கம்மலைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது குத்தியதால் வந்த காய்ச்சலோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"எப்ப இருந்து இப்பிடி இருக்கா?"

"இப்பத்தானுங்க" என்றார் அப்பா. "ஒரு கால் மணி நேரம் இருக்குமுங்க. அதுவரைக்கும் நல்லா வெளையாடிட்டுத்தான் வந்தா."

பொய் சொல்கிற மனுஷர் இல்லை அவர். தூங்கட்டும் விடுங்க என்று தான் சொன்னது அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது, அவ்வளவுதான். அம்மாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நித்யா மட்டும் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டு வந்தவள் அவள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

வாடிக்கைக்காரரை நாலு பேர் முன்னால் பொய்யராக்குவது என் வாழ்க்கையில் செய்யாத காரியம்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். "ஒம்பதாவது வளைவுலயே பாப்பா இப்பிடித்தான் இருந்துச்சு. காலத் தொட்டேன், இழுக்கல. நான்தான் அப்பவே நிறுத்தாம உட்டுட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க. பதினோரு மணிக்கு வண்டி ஏறுனதுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. ஒண்ணுக்கும் போகல. தலையில தொப்பி இல்ல, அவ்வளவு வெயிலுங்க."

டாக்டரம்மா காதை விட்டுவிட்டார். நர்ஸை அழைத்து இரண்டு வார்த்தை சொன்னார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அதற்குமேல் எங்களுக்குக் கதவுதான் தெரிந்தது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே போய் பாய்க்கு போன் செய்தார். ஜன்னல் வழியாக எனக்கும் கேட்டது. "உங்க ஆளு எங்க மானத்த வாங்கிப்போட்டாங்க பாய். நானே என்ர புள்ளையக் கொல்லப் பாத்த மாதிரி டாக்டர்கிட்டச் சொல்றாங்க." அந்த வராந்தாவில் நின்று நான் அழுதேன். ஆறுச்சாமி அண்ணன் ஒரு டீ வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. "காது வலிக்குதும்மா..." என்று மித்ராவின் குரல். அப்புறம் அழுகை, காலையில் தாய்மாமன் மடியில் அழுத அதே அழுகை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு வளைவு, இரண்டு வளைவு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்காமல் விட்டது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பாய் இன்னொரு வண்டியில் வந்து சேர்ந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதையெல்லாம் நின்று கேட்டார். மன்னிப்பும் கேட்டார். பிறகு என்னை ஜீப்பிடம் கூட்டிப்போனார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"எந்த வளைவுல தெரிஞ்சுதும்மா?"

"ஒம்பதுலீங்க."

"எந்த வளைவுல மணி அடிச்சீங்க?"

"பதினேழுலீங்க பாய்."

பாய் கம்பியிலிருந்த மணியைப் பார்த்தார். "நடுவுல எட்டு வளைவு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அவரு வேண்டாம்னு சொன்னாருங்க. நான் எப்பிடீங்க..." என்று இழுத்தேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார். அதட்டவில்லை, பெருமூச்சுதான் விட்டார். "நம்ம ஊரு ஆளுங்களுக்கு வாயால முடியாது. எனக்கும் முடியாது. இல்லீன்னு சொல்ல வந்தா மரியாதை வந்து குறுக்க நின்னுக்கும். அதனாலதான் மணிய வெச்சேன். மணிக்கு யாரு மொகமும் தெரியாது அம்மணி. நீங்க அதுக்கும் மரியாதை கத்துக் குடுத்துப்போட்டீங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. மறுநாள் காலையில் வேறொரு குடும்பத்தோடு என்னை ஏற்றிவிட்டார். அன்றைக்கு ஒன்றுமில்லாததற்கெல்லாம் நாலு தடவை இரண்டு அடித்தேன். ஆறுச்சாமி அண்ணன் நாலு தடவையும் நிறுத்தினார். அந்தக் குடும்பத்துக்கு என்மேல் எரிச்சல். "என்னங்க இது, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா டங்கு டங்குன்னு" என்று ஒருத்தர் கேட்டேவிட்டார். நான் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளகோவில் குடும்பம் அதற்கப்புறம் எங்கள் வண்டியில் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. மீதிப் பதினோரு வருஷத்தில் நான் மூன்று அடித்தது இன்னும் இரண்டே தடவை. அதில் ஒரு தடவை ஒன்றுமே இல்லை. பையன் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தான். அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் பயணம் கெட்டது, கன்னாபின்னாவென்று பேசினார்கள். அவர்கள் பேசியது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

சபீனா அச்சடித்து அனுப்பிய தாளைப் பார்த்தேன். படமெல்லாம் போட்டு அழகாகத்தான் இருக்கிறது. ஓட்டுகிற அப்பா ரோட்டைப் பார்ப்பார். பக்கத்தில் அம்மா மலையைப் பார்ப்பாள், நியாயம்தான், அதற்குத்தான் போகிறார்கள். பின்னால் திரும்பி உட்கார்ந்து முகத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? தூங்குகிற குழந்தையை நடுநடுவே எழுப்ப வேண்டும், அது அழுதாலும் சரி என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "அதப் படிச்சா யாருக்கா வண்டி எடுப்பாங்க?" என்று சிரித்தாள். அப்புறம், "போட்டர்றேன்" என்றாள். போட்டிருக்கிறாள். கடைசி வரி.

போன வாரம் போத்தனூர் சிக்னலில் நின்றிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி. ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் மூன்று வயதுப் பையன் நின்றபடியே ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். தொப்பி இல்லை. அப்பாவின் ஒரு கை அவன் மார்பைப் பிடித்திருந்தது.

"ஏனுங்க, கொழந்தைய எழுப்புங்க" என்றேன்.

"தூங்கறானுங்க."

"தெரியுதுங்க. எழுப்புங்க."

"நீங்க யாருங்க அதச் சொல்றதுக்கு?"

சட்டென்று என் வாயில் "சரிங்க" வரப் பார்த்தது. இத்தனை வருஷம் ஆகியும் வருகிறது. நான் குனிந்து, பையனின் ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கண்ணைத் திறந்து, முன்பின் தெரியாத கிழவி தன் செருப்போடு நிற்பதைப் பார்த்து, வாயைப் பிளந்து வீறிட்டான்.

"இப்பத் திருப்திங்களா?" என்று கத்தினார் அப்பா.

"ஆமாங்க" என்று செருப்பை மாட்டிவிட்டேன். "தண்ணி குடுங்க."

பச்சை விழுந்தது. அவர் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார். அழுகை தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டது. கேட்கிற மட்டும் நின்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் ரோட்டைத் தாண்டினேன்.